கார்டு இலவசம்... மருந்துக்கு என்ன விலை?

"டாக்டர், அமெரிக்காவுல கஞ்சாவுக்கு ரேஷன் கார்டு மாதிரி ஒரு கார்டு குடுக்காங்களாம்லா... நெசமா?"

இப்படிக் கேட்டது விடலைப் பையன் யாரும் அல்ல. எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வெற்றிலை பாக்குகூடப் போடாத மனிதர்! பாளையங்கோட்டையில் படிப்பை முடித்து நான் கிளினிக் திறந்த நாளிலிருந்து என்னிடம்தான் மூட்டுவலிக்குத் தைலம் வாங்குகிறார். கூட வந்திருந்த அவர் மனைவி, யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவர்களுடைய மகனுக்கு நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. வயது நாற்பதுக்கு மேல். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மூன்று வருஷம் முன்பு அவருக்கு 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்று கண்டுபிடித்தார்கள். நரம்புகளின் மேலுறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடும் நோய் அது. ராத்திரியானால் கால் தசைகள் கட்டைபோல இறுகி முறுக்கி இழுக்கும். தூக்கம் கிடையாது. கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "மெடிக்கல் கார்டு எடுத்துக்கோ. டிஜிட்டல் கார்டுக்குப் பைசா செலவில்லை" என்று சொல்லியிருக்கிறார். மகன் அப்பாவிடம் கேட்க, அப்பா என்னிடம் வந்துவிட்டார்.

தலைமையாசிரியருக்கு இரண்டு கேள்விகள். கார்டு எடுக்கலாமா என்பது ஒன்று. "நீங்களே ஒரு லேகியம் செஞ்சு குடுத்தா பார்சல்ல அனுப்பிருவோம்லா?" என்பது இரண்டாவது.

அந்த அம்மாள் மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டார். "அவன் விசாவுக்கு ஒண்ணும் வராதுல்லா டாக்டர்?"

மூன்றிலும் முக்கியமான கேள்வி இந்தக் கடைசிக் கேள்விதான். நம் வாசகர்களில் எத்தனையோ பேருடைய பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அதனால்தான் இந்த விஷயத்தை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கார்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் மத்திய அரசுக்கு ஒரு சட்டம், மாநிலத்துக்கு ஒரு சட்டம். 1996-ல் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு, நோயாளிகள் கஞ்சா வைத்துக்கொள்ளலாம் என்று முதன்முதலில் வழிவிட்டார்கள். இன்று ஏறக்குறைய 40 மாநிலங்கள் ஏதாவது ஒரு விதத்தில் அனுமதிக்கின்றன. ஆனால் மத்திய அரசு 1970-ல் கொண்டுவந்த சட்டத்தில் கஞ்சாவை முதல் பட்டியலில், ஹெராயினுக்குப் பக்கத்தில் வைத்தது. 'மருத்துவப் பயன் இல்லாதது' என்பது அந்தப் பட்டியலின் அர்த்தம். 2024 மே மாதம்தான் மூன்றாம் பட்டியலுக்கு இறக்கலாம் என்று மத்திய நீதித்துறை முறைப்படி முன்மொழிந்தது.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவே டாக்டர் என்ன செய்வார்? பிரிஸ்கிரிப்ஷன் எழுத முடியாது. எழுதினால் அவருடைய லைசென்சுக்கே ஆபத்து. ஆனால், 'இவருக்கு இது உதவக்கூடும்' என்று சொல்லலாம். அது அவருடைய பேச்சுரிமை என்று 2002-ல் கலிஃபோர்னியா வழக்கு ஒன்றில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆக, டாக்டர் கொடுப்பது ஒரு சான்றிதழ்தான். அதை வைத்து மாநில அரசிடம் பெயரைப் பதிவு செய்தால் கார்டு வரும். கார்டைக் காட்டினால் கடைக்காரர் சரக்கைக் கொடுப்பார். எவ்வளவு, எத்தனை வேளை, எதோடு சேர்த்து, எத்தனை நாள்? பெரும்பாலும் கடையில் நிற்கும் பையனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மருந்துச் சீட்டு என்று நாம் எதைச் சொல்வோமோ அது இதில் இல்லை. கடைக்குள் நுழைய ஒரு டிக்கெட், அவ்வளவுதான்!

சரி, பணத்துக்கு வருவோம்.

நியூஜெர்சியில் 2010-ல் சட்டம் வந்தபோது இரண்டு வருஷத்துக்கு 200 டாலர் கட்டணம் வைத்தார்கள். 2018-ல் அதை 100 ஆக்கினார்கள். பிறகு படிப்படியாகக் குறைத்து, 2024-ல் டிஜிட்டல் கார்டை இலவசமாக்கிவிட்டார்கள். கையில் பிடிக்கும் அட்டை வேண்டுமென்றால் 10 டாலர். நண்பர் சொன்னது உண்மைதான். மற்ற மாநிலங்களில் அப்படியில்லை. ஃபுளோரிடாவில் வருஷத்துக்கு 75 டாலர், அரிசோனாவில் இரண்டு வருஷத்துக்கு 150, பென்சில்வேனியாவில் வருஷத்துக்கு 50. கலிஃபோர்னியாவில் 100-க்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. அங்கே அரசு மருத்துவ உதவி பெறும் ஏழைகளுக்குப் பாதிக் கட்டணம்.

ஆனால் கார்டுக் கட்டணம் வாசற்படி மாதிரி. வீடு அதற்கு உள்ளே இருக்கிறது. சான்றிதழ் தரும் டாக்டருக்கு நூறிலிருந்து இருநூற்றைம்பது டாலர் வரை ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். இன்ஷூரன்ஸ் தராது. அதுவும் ஒரு தடவையோடு முடியாது. ஃபுளோரிடாவில் 210 நாளுக்கு ஒருமுறை மறுபடி டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். நியூஜெர்சியில் சான்றிதழ் அதிகபட்சம் ஒரு வருஷம்தான் செல்லும்.

அடுத்து, சரக்கின் விலை. ஜெல்லி மிட்டாய் மாதிரி 'கம்மி' என்று விற்கிறார்கள். ஒரு மிட்டாயில் 10 மில்லிகிராம் 'டி.எச்.சி.' (அதுதான் கஞ்சாவின் போதைச் சத்து) என்பது பரவலாக இருக்கும் அளவு. ஒரு பாக்கெட்டில் பத்து மிட்டாய். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று வைத்தால் பாக்கெட் ஐந்து நாளில் காலி. மாதம் ஆறு பாக்கெட். பாக்கெட் 20 டாலர் என்றே போடுங்களேன், மாதம் 120 டாலர், வருஷத்துக்கு 1,440 டாலர். இன்றைய நம் பணத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்! இது குறைந்த அளவு எடுப்பவர் கணக்கு. உடம்பு பழகிவிட்டால் அளவு ஏறும். அது இந்த மூலிகையின் சுபாவம்.

நியூஜெர்சியில் ஒரு கட்டடத் தொழிலாளி வேலையில் முதுகு உடைந்து, ஆபரேஷனும் பலன் தராமல், வலி மாத்திரைக்கு அடிமையாகி, அதிலிருந்து மீளக் கஞ்சாவுக்கு மாறினார். மாதம் 600 டாலருக்கு மேல் கைக்காசு போட்டார். கம்பெனி கொடுக்க மறுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-ல் கம்பெனிதான் அந்தச் செலவைத் தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அடிபட்டது 2001-ல். இருபது வருஷம்! எல்லோராலும் இப்படிக் கோர்ட்டுக்கு அலைய முடியுமா?

விலை ஏன் இப்படி? செடி என்னவோ வேலியோரம் முளைக்கிற செடிதான். 1982-ல் வந்த ஒரு வரி விதி காரணங்களில் ஒன்று. மத்திய அரசின் முதல் இரண்டு பட்டியல்களில் உள்ள பொருளை விற்கிறவர் கடை வாடகையையும் சம்பளத்தையும் செலவாகக் கழிக்க முடியாது. லாபமே இல்லாவிட்டாலும் வரி கட்ட வேண்டும். அந்த வரி கடைசியில் நோயாளியின் தலையில்தான் வந்து விடியும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதை தொடங்கியதே வரியில்தான். 1937-ல் அமெரிக்க அரசு கஞ்சாவுக்கு வரிச் சட்டம் கொண்டுவந்தது. அதை எழுதிக் கொடுக்கும் டாக்டர் வருஷத்துக்கு ஒரு டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தவருக்கு அவுன்ஸ் கைமாறினால் ஒரு டாலர் வரி, பதிவு இல்லாதவருக்கு 100 டாலர். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் டாக்டர் வில்லியம் உட்வர்ட் என்பவர் சபைக் குழு முன் போய் எதிர்த்துப் பேசினார். கேட்கவில்லை. டாக்டர்கள் எதற்கு வம்பு என்று எழுதுவதையே விட்டார்கள். 1942-ல் அமெரிக்க மருந்து நூலிலிருந்து பெயரையே எடுத்துவிட்டார்கள். அதற்கு நூறு வருஷம் முன்பு, கல்கத்தாவில் இருந்த ஓஷானஸி என்ற ஆங்கிலேயக் கம்பெனி டாக்டர் நம் நாட்டு வைத்தியர்களிடம் பார்த்துக் கற்றுத்தான் இதை மேல்நாட்டு வைத்தியத்தில் சேர்த்தார் என்பது தனிக் கதை.

இப்போது அந்த அம்மாளின் கேள்வி.

அவர் மகன் எச்-1பி விசாவில் இருக்கிறார். கிரீன் கார்டுக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். மாநில அரசு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கார்டு, குடியுரிமை விஷயத்தில் செல்லாது. அது மத்திய அரசின் இலாகா. மாநிலச் சட்டப்படி சரியாகவே நடந்திருந்தாலும், கஞ்சா சம்பந்தப்பட்ட செயல் 'நன்னடத்தை'க்குக் குறைவாகக் கருதப்படலாம், குடியுரிமை மறுக்கப்படலாம் என்று 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறையே எழுத்தில் அறிவித்தது. விசா விண்ணப்பத்தில், 'போதைப்பொருள் சட்டம் எதையாவது மீறியிருக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி உண்டு. கிரீன் கார்டுக்கான உடல் பரிசோதனையிலும் டாக்டர் இதைக் கேட்பார். கோர்ட்டில் தண்டனை வாங்கியிருக்க வேண்டியதில்லை. விமான நிலையத்தில் அதிகாரியிடம் வாய்விட்டு ஒப்புக்கொண்டாலே உள்ளே விடாமல் திருப்ப சட்டத்தில் இடம் இருக்கிறது. பொய் சொன்னாலோ, அது தனிக் குற்றம். பட்டியல் எண் ஒன்றிலிருந்து மூன்றாக மாறினால் மட்டும் இந்தச் சிக்கல் தீராது. மூன்றாம் பட்டியலும் 'கட்டுப்படுத்தப்பட்ட பொருள்' பட்டியல்தானே!

உள்ளூர்க்காரருக்கு இந்தக் கார்டு ஒரு பாதுகாப்பு. வரி மிச்சம், நியூஜெர்சியில் கார்டு வைத்திருப்பதற்காக வேலையிலிருந்து எடுக்கக்கூடாது என்றுகூடச் சட்டம் இருக்கிறது. (அங்கேயும் லாரி ஓட்டுகிறவருக்கு மத்திய போக்குவரத்துத் துறையின் சோதனையில் கார்டு உதவாது.) ஆனால் நம் பிள்ளைகளுக்கு? தன் கையெழுத்தோடு அரசாங்கத்திடம் தானே ஒரு பதிவைக் கொடுத்துவிட்டு, 'யாரும் கேட்காமல் இருக்கணுமே' என்று பத்து வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பதா? மனைவி விசாவும் பிள்ளைகள் படிப்பும் அந்த ஒரு விசாவில்தான் தொங்குகின்றன. இந்த விலை எந்தக் கட்டணப் பட்டியலிலும் இல்லை.

"அப்போ அவன் வலியோடயே கிடக்கணுமா?" என்றார் தலைமையாசிரியர். குரல் கொஞ்சம் உயர்ந்தது. கோபம் என் மேல் அல்ல.

கிடக்க வேண்டாம். இதில்தான் நான் சொல்ல வந்ததே இருக்கிறது. எம்.எஸ். நோயின் தசை இறுக்கத்துக்குக் கஞ்சாச் சத்து கொஞ்சம் உதவுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. வாய்வழி எடுத்தால் இறுக்கம் குறைவதாக நோயாளிகளே உணர்கிறார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம் இருப்பதாக 2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகளின் அறிக்கை சொன்னது. நாள்பட்ட வலிக்கும், புற்றுநோய் ஊசியால் வரும் குமட்டலுக்கும் அப்படியே. மற்றபடி 'சர்க்கரை போகும், கேன்சர் கரையும்' என்று சொல்கிறார்களே, அதையெல்லாம் நம்பாதீர்கள்.

அதே டி.எச்.சி.யை ரசாயன முறையில் செய்து, 'டிரோனாபினால்' என்ற பெயரில் 1985-லேயே அங்கே மருந்தாக அனுமதித்திருக்கிறார்கள். கீமோதெரபி வாந்திக்கும், எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்கும் கொடுப்பது. டாக்டர் சீட்டு எழுதுவார், மருந்துக் கடையில் வாங்கலாம், அளவு உண்டு. சீட்டோடு வாங்கினால் சட்டப்படி அது மருந்து! குழந்தைகளுக்கு வரும் கடுமையான சில வலிப்பு நோய்களுக்கு, கஞ்சாவிலிருந்து எடுத்த 'எபிடியோலெக்ஸ்' என்ற திரவ மருந்து 2018-ல் அனுமதி பெற்றது. விலை கேட்டால் தலை சுற்றும். வருஷத்துக்குச் சுமார் 32,500 டாலர் என்று அறிவித்தார்கள். ஆனாலும் இன்ஷூரன்ஸ் அதைப் பரிசீலிக்கும். நூறு டாலர் இலைக்குக் கொடுக்க மறுக்கும் இன்ஷூரன்ஸ், முப்பதாயிரம் டாலர் பாட்டிலுக்குக் கொடுக்கத் தயார். ஏழைக்கு எது எட்டும் என்று யோசித்தவர்கள் செய்த ஏற்பாடாக எனக்குத் தெரியவில்லை.

என் அபிப்பிராயம் இது. ஒன்று, இதை மருந்து என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியானால் அளவு சொல்ல ஒரு வைத்தியர், கலப்படம் பார்க்க ஒரு சோதனை, பணம் தர ஒரு இன்ஷூரன்ஸ் எல்லாம் கூட வரவேண்டும். இல்லை, மருந்து அல்ல என்றால் நோயாளிக்குக் கார்டு கொடுத்து ஆசை காட்டக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, 'நீயே எடுத்துக்கொள், நீயே செலவழி, மாட்டினால் நீயே அனுபவி' என்பது வைத்தியம் ஆகாது.

சித்த மருத்துவர் இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். நாங்கள்தான் சொல்லவேண்டும். எங்கள் நூல்களில் இதற்குக் கோரக்கர் மூலி என்றே ஒரு பெயர் உண்டு. ஆனால் செடியைப் பறித்து அப்படியே வாயில் போடச் சொல்லவில்லை. பலமுறை தண்ணீரில் அலசி, உலர்த்தி, நெய்யில் வறுத்துச் சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு சேர்த்து, அதுவும் சிறு அளவில்தான் மருந்தாகிறது. நம் மருந்துச் சட்டத்தில் நச்சுச் சரக்குகளுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். எட்டி, சேராங்கொட்டை, ஊமத்தையோடு கஞ்சாவும் அதில் இருக்கிறது. அவை சேர்ந்த மருந்தின் லேபிளில் 'மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்' என்று அச்சிட்டே ஆகவேண்டும். லைசென்ஸ் இல்லாமல் நான் என் கிளினிக்கில் கிண்டினால், 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி எனக்கும் ஜெயில்தான். பார்சலில் அனுப்பினால் அனுப்பியவருக்கு இங்கே ஒரு வழக்கு, வாங்கிய மகனுக்கு அங்கே ஒரு வழக்கு. 'கோரக்கர் லேகியம், வெளிநாட்டுக்கும் அனுப்பப்படும்' என்று பெட்டி விளம்பரம் போடும் சில பேர் எங்கள் தொழிலிலும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களை நம்பி மணியார்டர் அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். மகள் பிரசவத்துக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் ஆறு மாதம் அங்கே போகிறீர்கள். முழங்கால் வலி என்று நீங்கள் முனகினால், 'அம்மா, இந்த கம்மி ஒண்ணு சாப்பிடுங்க, தூக்கம் வரும்' என்று பாசத்தோடு கொடுக்கிறார்கள். கேட்டு வாங்காதீர்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தலைசுற்றல், படபடப்பு, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கீழே விழுவது எல்லாம் வரலாம். மிட்டாயாகச் சாப்பிட்டால் ஒரு மணி, சமயத்தில் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வேலை செய்யும். 'ஒண்ணும் தெரியலையே' என்று இன்னொன்றைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தின் வேகம் கூடி இரத்தக் கசிவு வரலாம். பேரக்குழந்தைகள் அதை நிஜ மிட்டாய் என்று நினைத்துத் தின்றுவிடும் ஆபத்து வேறு. திரும்பி வரும்போது பெட்டியில் ஒரு பாக்கெட் இருந்தால் சென்னை விமான நிலையத்தில் அது மிட்டாய் அல்ல. கார்டைக் காட்டினால் சிரிக்கக்கூட மாட்டார்கள்.

தலைமையாசிரியரிடம் மூன்று விஷயம் எழுதிக் கொடுத்தேன். கார்டு மனுவைக் கையில் எடுக்கும் முன்பு குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலை ஒருமுறை பார்க்கச் சொன்னேன். நரம்பு டாக்டரிடம், இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் அளவைச் சீர்செய்ய முடியுமா, டிரோனாபினால் தனக்குப் பொருந்துமா என்று நேரடியாகக் கேட்கச் சொன்னேன். ராத்திரி படுக்கும் முன் கால் தசைகளை நீட்டி இழுக்கும் பயிற்சிக்கு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்க்கச் சொன்னேன். தைலமும் கேட்டார்கள். வெறும் தேய்ப்புத் தைலம்தான், கொடுத்தேன்.

போன வாரம் இருவரும் மறுபடி வந்தார்கள். மகனுக்கு மாத்திரை அளவை மாற்றியிருக்கிறார்களாம். நாலு மணி நேரமாவது தூங்குகிறாராம். முழுக்கச் சரியாகவில்லை. கார்டு விஷயத்தைக் கிரீன் கார்டு வரும் வரை தள்ளிப் போட்டிருக்கிறார்.

"வக்கீல் அரைமணி நேரத்துக்கு முந்நூறு டாலர் வாங்கிட்டாராம் டாக்டர்" என்றார் தலைமையாசிரியர். "இலவசக் கார்டுக்கு!"

அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். "குடுத்தா குடுத்துட்டுப் போறான்" என்றார்.